வண்டிக்குக் கட்டும் காசு வட்டை வீதிக்கு வருமா?

மாரி மழை ஓய்ந்து, வேளாண்மை வெட்டுக்குத் தயாராகிக் கொண்டிருந்த தை மாதக் கடைசியில், படுவான்கரைக் கிராமமொன்றில் நடைபெற்ற கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திற்கு நாம் சென்றிருந்தோம். பிரதான வீதியிலிருந்து கிராமத்திற்குள் போகும் கிறவல் வீதி வெள்ளத்தால் அரிக்கப்பட்டிருந்தது. இடையிலுள்ள மதகு ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. மோட்டார் சைக்கிளை இக்கரையில் விட்டுவிட்டு நடந்தே போய்ச் சேர்ந்தோம். இன்னும் மூன்று வாரத்தில் இதே மதகைக் கடந்துதான் நெல் மூட்டைகள் வெளியே வரவேண்டும் என்பதை நினைத்தபடியே நடந்தோம்.

கூட்டத்தில் மதகைப் பற்றித்தான் பேச்சு. நடுத்தர வயதுடைய விவசாயி ஒருவர் எழுந்து, பொலித்தீன் உறையில் பத்திரமாக வைத்திருந்த வாகன வருமான அனுமதிப் பத்திரத்தை எம்மிடம் நீட்டினார்.

“பாதர், இதப் பாருங்க. லேன்ட் மாஸ்ரருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் வருசம் வருசமா காசு கட்டுறம். கட்டாட்டி பொலிசுல பிடிக்கிறாங்க. எங்கட மதகக் கட்டித்தர மட்டும் காசு இல்லையாம். அப்ப நாங்க கட்டுற காசு எங்க போகுது?”

யாரும் பதில் சொல்லவில்லை. சற்று நேரத்தின் பின் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

“வண்டி வச்சிருக்கிற ஆக்களுக்குக் கேக்கிறதுக்கு ஒரு துண்டாவது இருக்கு. நாங்க நடக்கிற ஆக்கள். நாங்க எதக் காட்டிக் கேக்கிற?”

அன்று அந்த இரண்டு கேள்விகளுக்கும் எம்மிடம் சரியான விடை இருக்கவில்லை. பின்னர் சட்டங்களைப் படித்தோம். அலுவலர்களிடம் விசாரித்தோம். பிற நாடுகளில் என்ன செய்கிறார்கள் என்றும் தேடிப் பார்த்தோம். அவ்வாறு அறிந்தவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறோம். இடம்பெயர்ந்து பின் ஊர் திரும்பிய குடும்பங்களுக்கும், இன்னும் திரும்ப முடியாமல் உறவினர் வீடுகளிலிருந்து வயலுக்குப் போய்வரும் குடும்பங்களுக்கும் வீதி என்பது வசதி மட்டுமல்ல. விதைநெல் வருவதும், விளைந்த நெல் போவதும், பிள்ளைத்தாய்ச்சியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்ப்பதும் அதன் வழியாகத்தான்.

எந்தக் காசு எந்தப் பெட்டிக்கு?

ஒரு வாகனத்திற்காக நாம் செலுத்தும் பணம் ஒரே இடத்திற்குப் போவதில்லை. அதை நான்காகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, வாகனம் கப்பலில் வந்து இறங்கும்போது அறவிடப்படும் இறக்குமதி வரியும், நாம் அடிக்கும் பெற்றோல், டீசலுக்குரிய வரியும். இவை மத்திய அரசின் திறைசேரிக்குப் போகின்றன. தொகையளவில் இவையே மிகப் பெரியவை.

இரண்டாவது, பதிவுக் கட்டணம். வாகனத்தை முதன்முதலாகப் பதியும்போதும், பின்னர் உரிமை மாறும்போதும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திற்குச் செலுத்துவது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமே இதற்கு அடிப்படை.

மூன்றாவது, அந்த விவசாயி எம்மிடம் காட்டிய வருடாந்த வருமான அனுமதிப் பத்திரக் கட்டணம். பிரதேச செயலகத்தில் இதைச் செலுத்துவதால், பணம் அந்தப் பிரதேசத்திலேயே தங்குகிறது என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியல்ல. பிரதேச செயலகம் வாங்கிக் கொடுக்கும் கை மாத்திரமே. பணம் மாகாண சபைக்குரியது.

நான்காவது, மோட்டார் இல்லாத வாகனங்களுக்குரிய வரி. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், சைக்கிள், மாட்டுவண்டி போன்றவற்றுக்கு வரி விதிக்கும் அதிகாரத்தைப் பிரதேச சபைக்கு வழங்கியுள்ளது. சைக்கிளுக்குத் தகடு வாங்கிப் பூட்டிய காலம் மூத்தவர்களுக்கு ஞாபகமிருக்கும். இந்தச் சிறு காசு மட்டுமே நேராக உள்ளூர்ச் சபைக்குப் போகிறது.

ஆகவே அந்த விவசாயியின் கேள்விக்கு முதல் விடை இதுதான். அவர் கட்டிய வருடாந்தக் கட்டணம் அவருடைய பிரதேச சபையின் கைக்கு வரவில்லை. கிழக்கு மாகாணத்தின் பொதுப் பெட்டிக்குப் போயிற்று.

சட்டம் இணைத்தது, நடைமுறை பிரித்தது

1987ஆம் ஆண்டு நவம்பரில் நிறைவேற்றப்பட்ட அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம், மாகாண சபைகளுக்குரிய அதிகாரங்களை ஒரு நிரலாக வகுத்தது. தேசிய நெடுஞ்சாலைகள் தவிர்ந்த மாகாண வீதிகள், பாலங்கள், ஓடத்துறைகள் ஆகியன அந்த நிரலில் உள்ளன. மோட்டார் வாகன அனுமதிக் கட்டணமும் அதே நிரலில் உள்ளது. வாகனத்திடம் வாங்கும் கையும் வீதியைப் பார்க்கும் கையும் ஒன்றாக இருக்கட்டும் என்ற எண்ணத்தை அங்கே காணலாம்.

ஆனால் ஒரே கையில் வாங்கிய காசை அதே காரியத்திற்குச் செலவிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மாகாணத்தின் வருமானங்கள் மாகாண நிதியத்தில் ஒன்றாகச் சேர்கின்றன. அங்கிருந்து ஆசிரியர் சம்பளம், வைத்தியசாலை, அலுவலகச் செலவு, வீதி என எல்லாவற்றுக்கும் போகிறது. அதுவும் போதாமல், மாகாணச் செலவின் பெரும்பகுதியை நிதி ஆணைக்குழுவின் சிபார்சின்படி மத்திய அரசே கொடுக்கிறது. ஆற்றில் ஊற்றிய குடத்துத் தண்ணீரை எது என்று பிரித்துக் காட்ட முடியாதல்லவா? எமது அனுமதிக் கட்டணமும் அப்படித்தான் கலந்துவிடுகிறது.

கேட்பதற்கு ஆளிருந்ததா என்பதும் முக்கியம். 1988இல் தெரிவான வடகிழக்கு மாகாண சபை 1990இல் கலைக்கப்பட்டது. அதன்பின் நீண்டகாலம் ஆளுநரின் நிருவாகமே நடந்தது. 2006 ஒக்ரோபரில் உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பையடுத்து, 2007ஆம் ஆண்டு முதல் கிழக்கு தனி மாகாணமாயிற்று. 2008 மே மாதத்தில் அதன் முதற் சபை தெரிவு செய்யப்பட்டது. 2012இல் தெரிவான இரண்டாவது சபையின் காலம் 2017 செப்ரெம்பரில் முடிந்தபின், ஆண்டுக்கணக்காகத் தேர்தல் நடைபெறாமல் மீண்டும் ஆளுநரிடமே பொறுப்புச் சென்றது. அதாவது, நாம் வாகன அனுமதிக் கட்டணம் கட்டிய ஆண்டுகளிற் பெரும்பாலானவற்றில், அதைப் பற்றிச் சபையில் எழுந்து கேட்க எம்மால் தெரிவு செய்யப்பட்ட மாகாணப் பிரதிநிதி ஒருவர் இருக்கவில்லை.

இன்னொரு மாற்றத்தையும் அறிந்திருத்தல் நல்லது. 2011ஆம் ஆண்டு தொடக்கம் மாகாணங்கள் அறவிட்டு வந்த புரள்வு வரி நிறுத்தப்பட்டது. அதற்கு ஈடாக, தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியில் மூன்றில் ஒரு பங்கு, முத்திரைத் தீர்வை முழுவதும், வாகனப் பதிவுக் கட்டணத்தில் நூற்றுக்கு 70 பங்கு ஆகியவற்றை மாகாணங்களுக்கு வழங்க அரசாங்கம் ஏற்பாடு செய்தது. தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி 2019 டிசம்பரில் நீக்கப்பட்டது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதால் புதிய பதிவுகளும் வெகுவாகக் குறைந்தன. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே தனியார் வாகன இறக்குமதிக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டது. கொழும்பில் எடுக்கப்படும் ஒரு தீர்மானம் எமது ஊர் மதகு வரை வந்து தாக்கும் விதம் இதுதான்.

வீதிக்கும் சொந்தக்காரர் உண்டு

காசின் பாதையைப் பார்த்தோம். இனி வீதியின் சொந்தக்காரரைப் பார்ப்போம். ஒரு விவசாயி வட்டையிலிருந்து மட்டக்களப்புப் பட்டினத்திற்கு நெல் கொண்டுபோகும்போது மூன்று, நான்கு சொந்தக்காரரின் வீதிகளைக் கடக்கிறார்.

வயலுக்குள் போகும் வாய்க்கால் கட்டு நீர்ப்பாசனத் திணைக்களத்திற்கோ கமநல அபிவிருத்தித் திணைக்களத்திற்கோ உரியதாக இருக்கலாம். கிராமத்து உள்வீதி பிரதேச சபைக்குரியது. ‘சி’, ‘டி’ தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்திற்குரியவை. ‘ஏ’, ‘பி’ தர வீதிகள் மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. செங்கலடியிலிருந்து பதுளைக்குப் போகும் வீதியும், மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குப் போகும் வீதியும் ‘ஏ’ தரத்தைச் சேர்ந்தவை.

எமது மக்கள் மனுக்கொடுக்கும்போது பெரும்பாலும் இங்கேதான் தவறு நேர்கிறது. பிரதேச சபை வீதிக்கு மாகாணத் திணைக்களத்திடம் மனு; மாகாண வீதிக்குப் பிரதேச செயலாளரிடம் மனு. ஒவ்வொருவரும் “இது எங்களுக்குரியதல்ல” என்று உண்மையையே சொல்லித் திருப்பி அனுப்புகின்றனர். அலைந்து களைத்தவர்கள் மனுவையே கைவிட்டு விடுகின்றனர்.

வாவியைக் கடப்பது தனிக்கதை. சுமார் 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவி எழுவான்கரையையும் படுவான்கரையையும் பிரித்து நிற்கிறது. 1924இல் கட்டப்பட்டு, ஆளுநரின் துணைவியாரான மனிங் சீமாட்டியின் பெயரிடப்பட்ட கல்லடிப் பாலம், ஒரு வாகனமே போகக்கூடிய அகலத்தோடு ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் பாரம் சுமந்தது. அதன் அருகே புதிய பாலம் 2013இல் திறக்கப்பட்டது. மண்முனைத் துறையில் ‘பாதை’யில் ஏறிக் காத்திருந்து கடந்த தலைமுறைகளுக்குப் பின், 2014 ஏப்ரலில் அங்கும் பாலம் வந்தது. இரண்டும் யப்பானிய உதவியுடன் கட்டப்பட்டவை. குருக்கள்மடம் – அம்பிளாந்துறை, குருமண்வெளி – மண்டூர் ஆகிய துறைகளில் ‘பாதை’க்காகக் காத்துநின்ற அனுபவம் இந்த வாசகர்களில் பலருக்கு உண்டு.

இதிலிருந்து ஒன்றைத் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். வாவிக்குக் குறுக்கே பெரிய பாலம் கட்டுவது மோட்டார் சைக்கிள் அனுமதிக் கட்டணத்தால் ஆகிற காரியமல்ல. அதற்குத் தேசிய நிதியோ வெளிநாட்டு உதவியோ வேண்டும். ஆனால் மதகு, வடிகான், கிறவல் இடுதல், துறையடியில் நிழற்கொட்டகை போன்றவை அவ்வளவு பெரியவையல்ல. பெரிய பாலத்தைத் திறந்து வைக்கப் பலர் வருவர். பாலத்தால் இறங்கியவுடன் தொடங்கும் பள்ளத்தை நிரப்ப யாரும் வருவதில்லை. வாகனக் கட்டணம் உதவக்கூடிய இடம் அந்தப் பள்ளம்தான்.

பிற நாடுகளில் செய்து பார்த்தவை

வாகனக் கட்டணத்தை வீதிக்கென்றே ஒதுக்கி வைக்கும் எண்ணம் புதிதல்ல. பிரித்தானியாவில் 1909ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில் மோட்டார் வாகனங்களுக்கு விதித்த வரியை வீதிக்கே செலவிடுவதாக வாக்குறுதி அளிக்கப்பட்டது. 1920ஆம் ஆண்டின் சட்டத்தால் வீதி நிதியம் என்ற தனிப்பெட்டியும் அமைந்தது. ஆனால் பெட்டியில் பணம் சேர்ந்ததும் மற்றவர்களின் கண் பட்டது. 1920களின் நடுப்பகுதியில் நிதியமைச்சராக இருந்த வின்ஸ்டன் சேர்ச்சில் அதிலிருந்து பொதுச் செலவுக்கு எடுக்கத் தொடங்கினார். 1937இல் வரிக்கும் வீதிக்கும் இருந்த நேரடித் தொடர்பே அறுக்கப்பட்டது. தனிப்பெட்டி வைத்தால் மட்டும் போதாது, பூட்டும் காவலும் வேண்டும் என்பது இதிலுள்ள பாடம்.

ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2009இல் ஒரு சட்டம் செய்தது. அங்குள்ள உள்ளூர் மாவட்டங்கள் ஒவ்வொரு வாகனப் பதிவின்மீதும் ஆண்டுக்கு 10 டொலர் வரை மேலதிகமாக அறவிடலாம். ஆனால் அதற்கு முன் மக்களிடம் வாக்கெடுக்க வேண்டும். எதற்குச் செலவிடுவோம் என்ற திட்டத்தையும் முன்வைக்க வேண்டும். 2010 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ மக்கள் இதற்கு உடன்பட்டனர். அங்கே வகுத்த பங்கு இது: பாதிப்பணம் வீதி திருத்தத்திற்கு, காற்பங்கு நடப்போரின் பாதுகாப்பிற்கு, காற்பங்கு பொதுப் போக்குவரத்திற்கு.

இந்தப் பங்கீட்டைப் பார்த்தபோது, கூட்டத்தில் கேள்வி கேட்ட அந்தப் பெண்மணியின் ஞாபகம் எமக்கு வந்தது. வாகனம் வைத்திருப்போர் கட்டிய காசில் பாதி, நடப்போருக்கும் பஸ்ஸில் போவோருக்கும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. “நாங்கள் எதைக் காட்டிக் கேட்பது?” என்ற கேள்விக்கு அங்கே விடை கிடைத்திருக்கிறது. வீதி நடப்பவருக்கும் உரியது. கேட்பதற்குத் துண்டு தேவையில்லை.

சியாற்றில் நகரத்தின் அனுபவமும் சிந்திக்கத்தக்கது. 2014 ஏப்ரலில் நகரமும் அயலூர்களும் அடங்கிய முழு மாவட்டத்திற்கும் வாகனக் கட்டணம் விதிக்கும் யோசனை வாக்கெடுப்பில் தோற்றது. அதே ஆண்டு நவம்பரில், நகரத்திற்கு மட்டும் வாகனமொன்றுக்கு 60 டொலர் கட்டணமும் சிறியதொரு விற்பனை வரியும் என்று கேட்டபோது மக்கள் உடன்பட்டனர். அந்தப் பணத்தால் தங்கள் நகரத்திற்கு மேலதிக பஸ் சேவைகளைப் பெற்றனர். வருமானம் குறைந்தோருக்கு 20 டொலர் திருப்பிக் கொடுக்கவும் ஏற்பாடு இருந்தது. ஆறு ஆண்டு முடிந்து 2020இல் புதுப்பித்தபோது வாகனக் கட்டணத்தை விட்டு விற்பனை வரியை மட்டும் வைத்துக்கொண்டனர். தமது கண்ணெதிரே பயன் தெரிந்தால் மக்கள் கட்டத் தயங்குவதில்லை. ஆயினும் அந்தச் சம்மதத்தை மீண்டும் மீண்டும் பெறவேண்டியிருக்கிறது.

அருகிலுள்ள கேரளமும் 2016இல் செய்த சட்டத் திருத்தத்தால் மோட்டார் வாகன வரியின் ஒரு பங்கை உட்கட்டமைப்பு முதலீட்டு நிதிச் சபைக்கென ஒதுக்கியது. முதலாண்டில் நூற்றுக்கு 10 பங்கு, பின் ஆண்டுதோறும் கூடி 50 பங்கு வரை என்பது ஏற்பாடு. எவ்வளவு, எப்போது என்பது சட்டத்திலேயே எழுதப்பட்டதால் ஆண்டுதோறும் கையேந்த வேண்டியதில்லை.

பாரமான வண்டி, இலேசான வண்டி

வீதியை யார் பழுதாக்குகிறார் என்ற கேள்வியும் உண்டு. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில், பரிசோதனைக்கென்றே அமைத்த வீதிகளில் லொறிகளை ஓடவிட்டு ஆராய்ந்தனர். அச்சின் பாரம் இரண்டு மடங்கானால் வீதிக்கு ஏற்படும் சேதம் ஏறத்தாழப் பதினாறு மடங்காகிறது என்பது அதிலிருந்து பெறப்பட்ட கணக்கு.

இதை எமது ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். மோட்டார் சைக்கிள் ஆயிரம் தடவை போய்வந்தாலும் கிறவல் வீதி அவ்வளவாகக் குழியாவதில்லை. ஆற்று மணலும் கிறவலும் ஏற்றிய ரிப்பர் வண்டிகள் ஒரு மாரிக்குள் அதே வீதியை உழுது விடுகின்றன. எமது நாட்டிலும் அனுமதிக் கட்டணம் வாகனத்தின் வகைக்கும் நிறைக்கும் ஏற்ப வேறுபடுகிறது. ஆனாலும் சேதம் கூடுகிற வேகத்திற்குக் கட்டணம் கூடுவதில்லை. இந்த ரிப்பர்களில் பல வேறு மாகாணத்தில் பதியப்பட்டவையாயின் அவற்றின் வருடாந்தக் கட்டணமும் வேறு மாகாணத்திற்கே போகிறது. பள்ளம் மாத்திரம் எமக்கு மிஞ்சுகிறது.

எனவே, வாகனக் கட்டணத்தைக் கூட்டி வீதி போடுங்கள் என்று நாம் கேட்கவில்லை. ஏழை விவசாயியின் லேன்ட் மாஸ்ரருக்கு இன்னும் ஐந்நூறு ரூபா ஏற்றுவது நியாயமாகாது. முதலில், இப்போது கட்டுகிற காசுக்குக் கணக்குக் காட்டட்டும். அடுத்து, பாரமான வண்டியிடம் பாரத்திற்கேற்ப வாங்கட்டும். அதன் பின்பே கூட்டுவதைப் பற்றிப் பேசலாம்.

பங்கிடும் முறையிலும் அவதானம் தேவை. ஓர் உதாரணம் சொல்வோம். ஒரு கிராமத்தில் நூறு வாகனங்கள், வாகனமொன்றுக்கு ஆண்டுக்கு ஆயிரம் ரூபா என்று வைத்துக்கொண்டால் ஓர் இலட்சம் ரூபா சேரும். அதனால் ஒரு கிலோமீற்றர் கொங்கிறீற் வீதி போட முடியாது. அதே கணக்கில், ஐயாயிரம் வாகனங்களுள்ள ஒரு பிரதேசத்தில் ஐம்பது இலட்சம் சேரும். அதைக் கொண்டு ஆண்டுக்குச் சில மதகுகளையாவது கட்டலாம். ஆனால் ‘எங்கே வாகனம் கூடவோ அங்கே பணம் கூட’ என்று பங்கிட்டால் பட்டினங்களுக்கே எல்லாம் போகும். யுத்தத்தில் வண்டியை இழந்த கிராமம் வீதியையும் இழக்கும். ஆகவே வீதியின் நீளத்தையும் அதன் பழுதையும் வைத்துப் பங்கிட வேண்டும் என்பதே எமது நிலைப்பாடு.

இடம்பெயர்ந்தோருக்குரிய சிக்கல்கள்

1990 ஜூனில் மீண்டும் மூண்ட யுத்தம், 2004 டிசம்பர் 26ஆம் திகதிய கடற்கோள், 2006–2007இல் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் நடந்த பெரும் இடப்பெயர்வு ஆகியவற்றில் பலர் வாகனத்தை இழந்தனர். பலர் வாகனத்தைக் காத்துக் கடதாசிகளை இழந்தனர். வேறு சிலர் கையிலிருந்த காசுக்கு உரிமை மாற்றாமலே வண்டி வாங்கினர். 2022இல் எரிபொருள் அட்டை முறை வந்தபோது, ஒழுங்கான பதிவு விபரமில்லாத வண்டிக்காரர் எவ்வளவு அவதிப்பட்டனர் என்பதை நாம் நேரிற் கண்டோம்.

இத்தகையோர் நான்கு காரியங்களைச் செய்யலாம். பதிவுப் புத்தகம் தொலைந்திருந்தால் பொலிசில் முறைப்பாடு பதிந்து, அதன் பிரதியுடன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் இணைப் பிரதிக்கு விண்ணப்பியுங்கள். வாங்கிய வண்டி பழைய உரிமையாளரின் பெயரிலேயே இருந்தால், அவர் உயிரோடு இருக்கும்போதே உரிமையை மாற்றிக்கொள்ளுங்கள். மேல் மாகாண முகவரியில் பதிந்த வண்டியை உங்கள் சொந்த முகவரிக்கு மாற்றினால் வருடாந்தக் கட்டணமும் கிழக்கு மாகாணத்திற்கு வரும். ஓடாமல் கொட்டிலில் கிடக்கும் வண்டிக்கு அதைப் பிரதேச செயலகத்திற்கு முன்கூட்டியே எழுத்தில் அறிவித்துவிடுங்கள். அறிவிக்காமல் விட்டால் பழைய ஆண்டுகளின் நிலுவையும் தண்டமும் சேர்ந்து பின்னர் தலையில் விழும்.

நாம் என்ன செய்யலாம்?

அக்கிராமத்துச் சங்கத்துடன் அமர்ந்து நாம் எழுதிய நிரலைச் சுருக்கித் தருகிறோம். உங்கள் ஊரிலும் செய்து பார்க்கலாம்.

ஒன்று: உங்கள் வீதி யாருக்குரியது என்பதைக் கண்டறியுங்கள். பிரதேச சபையின் வீதிப் பட்டியலில் அது உள்ளதா என்று கேளுங்கள். பட்டியலில் இல்லாத வீதிக்குப் பணம் ஒதுக்குவது எவருக்கும் கடினம். இடப்பெயர்வுக் காலத்தில் காடாகிப் போய், பின் மக்களே வெட்டித் திறந்த வீதிகள் இவ்வாறு விடுபட்டிருக்கலாம்.

இரண்டு: கணக்கைக் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. எந்தப் பிரசையும் காரணம் சொல்லாமலே அரச அலுவலகத்திடம் தகவல் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்ற தீர்மானத்தைப் பதினான்கு வேலை நாட்களுக்குள் அறிவிக்கவேண்டும். கேட்கவேண்டியவை மூன்றே: எமது பிரதேச செயலகப் பிரிவில் சென்ற ஆண்டு எத்தனை வாகனங்களுக்கு அனுமதிப் பத்திரம் வழங்கப்பட்டது? மொத்தம் எவ்வளவு அறவிடப்பட்டது? அதே ஆண்டில் எமது பிரிவின் மாகாண வீதிகளுக்கு எவ்வளவு செலவிடப்பட்டது? முதலிரண்டையும் பிரதேச செயலகத்திடமும் மூன்றாவதை மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்திடமும் கேளுங்கள்.

மூன்று: ஆண்டு முடிவதற்கு முன் போங்கள். அடுத்த ஆண்டுக்கான பிரதேச சபை வரவுசெலவுத் திட்டம் ஆண்டின் இறுதி மாதங்களில் சபையில் வைக்கப்படுகிறது. மதகு உடைந்தபின் தை மாதத்தில் மனுக்கொடுத்தால், “இவ்வாண்டு ஒதுக்கீடு முடிந்துவிட்டது” என்ற பதில்தான் வரும். புரட்டாதியிலேயே, சூடு மிதித்த கையோடு மனுவை எழுதுங்கள். மண்முனை மேற்கு, மண்முனை தென்மேற்கு, போரதீவுப்பற்று என எந்தச் சபையாயினும், 2025 மே மாதத்தில் நீங்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த உறுப்பினர் அங்கே இருக்கிறார். மாகாண மட்டத்தில் இல்லாத வாய் இங்கே உண்டு.

நான்கு: சிறு வேலைகளைக் கிராம அபிவிருத்திச் சங்கத்திற்கே ஒப்பந்தமாகக் கொடுக்கும் வழக்கம் எமது நாட்டில் உண்டு. உங்கள் சங்கத்தின் பதிவு, கணக்கு, வங்கிப் புத்தகம் ஆகியவற்றை ஒழுங்காக வைத்திருங்கள். தன் ஊர் மதகைத் தானே கட்டும் சங்கம் சீமெந்தைக் குறைத்துப் போடாது.

ஐந்து: எழுதும் ஒவ்வொரு மனுவிலும் நடப்போரைச் சேருங்கள். எத்தனை பிள்ளைகள் பாடசாலைக்கு நடக்கின்றனர், எத்தனை தாய்மார் கிளினிக்கிற்கு நடக்கின்றனர், மாரியில் எத்தனை நாள் பஸ் வரவில்லை என்று எண்ணி எழுதுங்கள். வாகனக் கணக்கு அலுவலகத்தில் இருக்கிறது. நடப்போரின் கணக்கை நாம் எழுதாவிட்டால் வேறு எவரும் எழுதமாட்டார்.

கடைசியாக

சில வாரங்களின் பின் அக்கிராமத்திற்கு மீண்டும் போனோம். மதகு இன்னும் அப்படியேதான் இருந்தது. ஊரவர்கள் தென்னங்குற்றிகளைப் போட்டு, மேலே மண் மூட்டை அடுக்கி, நெல்லை ஒருவாறு வெளியே எடுத்திருந்தனர். ஆனால் ஒரு மாற்றத்தைக் கண்டோம். அன்று வினவிய பெண்மணி, சங்கத்தின் பழைய குறிப்புப் புத்தகமொன்றைக் கொண்டுவந்து காட்டினார். மதகைக் கடந்து போனவர்களை, காலை ஆறு மணி முதல் மாலை ஆறு மணி வரை, ஒரு கிழமையாக மாதர் சங்கத்தினர் முறைவைத்து இருந்து எண்ணியிருந்தனர். நடப்போர், சைக்கிளில் போவோர், மோட்டார் சைக்கிள், லேன்ட் மாஸ்ரர், ரிப்பர் என ஐந்து நிரல்கள். ஒவ்வொரு நாளும் நடப்போரின் நிரலே மிக நீளமாயிருந்தது.

லேன்ட் மாஸ்ரர் விவசாயியும் அருகில் நின்றார். தகவல் கேட்கும் விண்ணப்பத்தை அவர்தான் பிரதேச செயலகத்தில் கொடுத்திருந்தார்.

“பதில் என்ன வருமோ தெரியாது பாதர். ஆனா இனி ‘காசு எங்க போகுது’ எண்டு வீட்டுக்குள்ள இருந்து கத்தமாட்டம். எழுத்தில கேட்டுட்டம்,” என்றார்.

அந்தக் குறிப்புப் புத்தகத்தின் ஒரு பிரதி பிரதேச சபைக்கும், இன்னொன்று மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்திற்கும் போயிருக்கிறது. உங்கள் ஊர் மதகடியிலும் யாராவது ஒருவர் ஒரு கொப்பியோடு உட்காரட்டும்.